வடக்கே தலைவைத்தவர்கள்

மனித நாகரிகம் முழுவதையும் உட்கார்ந்தவர்கள்தான் கட்டினார்கள். நடந்தவர்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவன் குத்தாலிங்கம். உலகம் என்று இங்கே குறிப்பிடுவது, பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அப்போது இருந்த இரண்டு மனிதர்களையும் பதினோரு குருவிகளையும்.

சும்மா சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருந்தான். நெல்லை விதைத்தவன் அது விளையும்வரை ஓரிடத்தில் உட்கார்ந்தான், ஊர் வந்தது. உட்கார்ந்தவனுக்குப் பொழுது போகவில்லை, எழுத்து வந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் தலையில்தான் ஆப்பிள் விழுந்தது. மனிதர் நடந்து போயிருந்தால் அது அவருக்குப் பின்னால் விழுந்திருக்கும், ஈர்ப்பு விசை இன்றுவரை நமக்குத் தெரியாமலே நம்மைப் பிடித்து வைத்திருக்கும்.

கொள்கைக்கு ஏற்ற வாழ்க்கை. இருபத்துநான்கு வயதில் குத்தாலிங்கம் வடக்கே போன அதிகபட்ச தூரம் கோவில்பட்டி. அதுவும் அத்தை மகள் கல்யாணத்துக்கு. முதல் பந்தி முடிந்ததும் திரும்பிவிட்டான். ஆய்வுக்கூடத்தில் உதவியாளனான அவனுக்கு ஒரு சுழல் நாற்காலி இருந்தது. திரும்பும்போதெல்லாம் ‘க்ரீச்ச்... டக்’ என்று முனகும். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். ஆனால் எண்ணெய் போட வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான், இனிமேல் யாருமே உட்காராதபடி செய்யப்போகும் மருந்து ஒன்றின் அட்டவணைகளை அவன் நிரப்பிக்கொண்டிருந்தான்.

மருந்தின் பெயர் ‘அயரா’. சென்னையில் ஒரு கம்பெனி தயாரித்தது. கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தன்னார்வலர்கள் இருபத்துநான்கு பேரைக் கல்லூரி அரங்கில் உட்காரவைத்து, ஆய்வின் தலைவி டாக்டர் எஸ்தர் செல்வராணி விளக்கம் சொன்னார். கையில் ஒரு குருவி. விரலிடுக்கில் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. தொண்டை முழுக்க நீலம். நீலத்தின் நடுவே துரு நிறத்தில் ஒரு பொட்டு. கீழே கறுப்பாக ஒரு கரை. மற்றபடி ஆள் மண் நிறம்தான். அலுவலகத்துக்கு அழுக்குச் சட்டைமேல் பட்டு டை கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

“நீலத்தொண்டைக் குருவி. எடை பதினேழு கிராம். அம்பது கிராம் அல்வாவுல மூணுல ஒரு பங்கு” என்றார் டாக்டர். “லடாக்ல குஞ்சு பொரிக்கும். அங்க குளிர் தொடங்கினா புறப்பட்டு, நம்ம காலேஜ் குளத்துச் சம்புக் கோரைக்குள்ள வந்து ஒளிஞ்சுக்கும். பங்குனியில திரும்பிப் போகும். போற நாட்கள்ல ராத்திரியெல்லாம் பறக்கும், பகல்ல இரை தேடும். தூங்குறது கொஞ்சம்தான். ஆனா கிறங்காது.”

இரண்டாவது வரிசையில் ஒருவர் கை தூக்கினார். ஆறுமுகநயினார். மீன் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலாளி. பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“அதோட ரத்தத்த எங்களுக்கு ஏத்தப் போறீகளா?”

“ரத்தம் இல்ல அண்ணாச்சி. புறப்படுற காலத்துல அதோட மூளையில ஒரு புரதம் ஊறுது. அதே புரதத்தைத் தனியா வளர்த்து எடுத்திருக்காங்க. வாரம் ஒரு தடவை மூக்குல மூணு சொட்டு. மூணு மணி நேரம் தூங்கினா எட்டு மணி நேரம் தூங்கின மாதிரி இருக்கும்.”

“ஏதும் பண்ணுமா?”

“அதைப் பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கு” என்றான் குத்தாலிங்கம், உட்கார்ந்த இடத்திலிருந்து. டாக்டர் அவனை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“உங்கள்ல பன்னெண்டு பேருக்கு மருந்து. மீதிப் பன்னெண்டு பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டியல் சென்னையில சீல் வச்ச கவருக்குள்ள இருக்கு.”

“உப்புத் தண்ணின்னா நம்ம சலைனா டாக்டர்?” என்று மூன்றாவது வரிசையில் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஆமாம்மா. அதேதான்.”

குத்தாலிங்கம் உட்கார்ந்தபடியே திரும்பினான். கேட்டது அவன் அம்மா.

காந்திமதி ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். குத்தாலிங்கத்தின் அப்பா இறந்தபின் ஒன்பது வருடமாக மாதத்தில் பதினைந்து நாள் இரவுப் பணி. கூட்டம் கலைந்ததும் மகன் அவளைப் பிடித்தான்.

“எம்மா, நீ எதுக்கு இதுக்குள்ள வந்து தல குடுக்க?”

“தூக்கம் மிச்சமாகும்னாகள்ல.”

“மிச்சமான தூக்கத்த வச்சு என்ன செய்யப் போற?”

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ உக்காந்துக்கிட்டே பேசுத. நாங்கள்லாம் நின்னுக்கிட்டு இருக்கோம்ல.”

அவளுக்குப் பதினேழாம் எண் கொடுத்தார்கள்.

மார்கழியும் தையும் பொற்காலம். சனிக்கிழமைதோறும் எண்ணிட்ட குப்பிகளிலிருந்து குத்தாலிங்கமே சொட்டு விட்டான். “தொண்டைக்குள்ள எறங்கையில வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கு வே” என்று நயினார் வாரம் தவறாமல் முகத்தைச் சுளிப்பார். காந்திமதி ஒன்றும் சொல்லமாட்டாள். கண்ணை மூடி விழுங்கி, நாக்கைச் சப்புக்கொட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

முடிவுகள் பிரமாதம். கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி மிச்சமான நேரத்தில் ஜப்பானிய மொழி படித்து, பேச ஆளில்லாமல் தவித்தாள். நயினார் மூன்று திருடர்களைப் பிடித்தார். அவர்களில் ஒருவன் திருட வந்தவன் இல்லை, பாதை கேட்க வந்தவன். சென்னைக் கம்பெனி, விளம்பரத்துக்கு மாதிரி வாசகம் எழுதி அனுப்பச் சொன்னது. குத்தாலிங்கம் எழுதி அனுப்பினான்: ‘அயரா: உட்கார வேண்டியவர்கள் நிற்பதற்கும், படுக்க வேண்டியவர்கள் உட்கார்வதற்கும்.’ கம்பெனி அதைப் பாராட்டி, இரண்டாவது பாதியை மட்டும் நீக்கச் சொன்னது.

குருவிகளும் சும்மா இல்லை. நீலத்தொண்டைக்கு ஒரு பழக்கம் உண்டு: கேட்டதைத் திருப்பிச் சொல்லும். குளத்தங்கரையில் இருந்தால் மற்ற பறவைகளின் குரலைத் திருடித் தன் பாட்டில் கோத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் வேறு பறவை ஏது? மாசி பிறந்தபோது, ஏழாம் கூண்டுக் குருவி மூன்று இனிய சீழ்க்கைகளுக்குப் பிறகு ‘க்ரீச்ச்... டக்’ என்றது.

“உன் நாற்காலி” என்றார் டாக்டர் எஸ்தர்.

“கலைக்கு எது தகுதியோ அதைத்தான் கலைஞன் எடுத்துக்கொள்வான், மேடம்” என்று குத்தாலிங்கம் எழுதுகிற தமிழிலேயே பதில் சொன்னான். உள்ளுக்குள் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாசியில்தான் நயினார் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தார்.

“குத்தாலிங்கம், ஒரு சங்கதி. ராத்திரி தெக்கதான் தல வச்சுப் படுக்கேன். எந்திரிச்சுப் பாத்தா தல வடக்க கெடக்கு. எங்கம்மா எலுமிச்சம்பழத்தச் சுத்திப் போட்டுட்டா.”

வடக்கே தலை வைக்காதே என்பது இந்தப் பக்கத்தில் நடக்கத் தொடங்குமுன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள், காந்தம் ரத்தத்தை இழுக்கும் என்று வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்த வாரம் விசாரித்ததில், தன்னார்வலர்களில் ஏழு வீடுகளில் இதே புகார். ஒரு வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போட்டும் மனிதர் கட்டிலுக்குள்ளேயே திரும்பியிருந்தார்.

டாக்டர் எஸ்தரின் முகம் மாறியது. “புறப்படுற காலம்” என்றார். “கூண்டுல அடைச்சு வச்சாலும் பங்குனி நெருங்கினா இதுங்களுக்குத் தெரியும். பகல் நீளுதுல்ல. சாயங்காலம் ஆனா வடக்குப் பக்கக் கம்பியிலேயே போய்ப் போய் மோதும். புரதத்தைத் தனியா எடுத்தோம், தூக்கம் மட்டும்தான் அதுல இருக்குன்னு நினைச்சோம்.”

“தூக்கத்தோட டிக்கெட்டும் சேந்து வந்துட்டு.”

“சிரிக்காத தம்பி.”

குருவிகளைச் சோதிக்கிற முறை எளிது. கூம்பு மாதிரி சுற்றிய காகிதத்துக்குள் விடுவார்கள், அடியில் மைத்தட்டு. குருவி எந்தப் பக்கம் தாவுகிறதோ அந்தப் பக்கம் காகிதத்தில் நீலக் கால்தடம் குவியும். மனிதர்களுக்கு அவ்வளவு பெரிய கூம்பு கிடையாது. கல்லூரியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு வட்ட அறை இருந்தது. தரை முழுக்க வரைதாளை ஒட்டி, வாசலில் ரப்பர் ஸ்டாம்புக்குப் போடும் நீல மையை ஒரு சாக்கில் ஊற்றி விரித்தார்கள். மிதித்துவிட்டு உள்ளே போக வேண்டும். அரைமணி நேரம் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

குத்தாலிங்கத்துக்கு அது திருவிழா. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கரும்பலகையில் எழுதிவைத்தான்: ‘வடக்கிருத்தல் தமிழர் வீரம். வடக்கே நடத்தல் தமிழர் கிறுக்கு.’ உள்ளே போகிறவர்களிடம் “லடாக் போறவங்க மட்டும் ஏறுங்க, மதுரையில நிக்காது” என்று கூவினான். உட்காரத் தெரிந்தவனுக்குக் கால்தடம் கிடையாது என்று ஒரு பொன்மொழியும் உண்டாக்கி, தன் பெயரைக் கீழே போட்டான்.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஒன்பது தாள்களில் தடங்கள் அங்கும் இங்குமாக, சலித்துப்போனவன் நடந்தது போலக் கிடந்தன. மற்ற ஒன்பதில் வடக்குச் சுவரோரம் தாளே தெரியவில்லை, ஒரே நீலம். நயினாரின் தாளில் சுவர்மேலும் இரண்டு தடம் இருந்தது, முழங்கால் உயரத்தில்.

காந்திமதி அன்று வரவில்லை. டூட்டி என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மறுநாள் காலை ஏதோ எடுக்க வீட்டுக்குப் போனபோது அவன் பார்த்தான். இரவுப் பணி முடிந்து அம்மா பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணை வடக்குச் சுவரை ஒட்டி. சின்ன வயதில் இதே காரியத்துக்காக அவன் தொடையில் திருகிக் கிள்ளியவள். கொடியில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. பாளையங்கோட்டையில், மாசி வெயிலில், அரக்கு நிறத்தில், விலைச்சீட்டோடு ஒரு ஸ்வெட்டர்.

அவள் எழுந்ததும் கேட்டான். “எம்மா, இது என்னது?”

“ஸ்வெட்டர்.”

“அது தெரியுது. எதுக்கு?”

“லடாக்ல குளிருமாம்.” தலையை முடிந்துகொண்டே சொன்னாள். “வாரம் ஒரு ரயில் இங்கேருந்தே ஜம்மு வரைக்கும் போகுதுல்ல. பங்குனி இருவதுக்குப் போட்டாச்சு.”

“யாரு கூட?”

“குருவி யாரு கூடப் போகுது?”

“எதுக்கும்மா போற?”

“நான் என்னத்தக் கண்டேன்? மருந்து இழுக்கு.”

வேறு காரணம் அவளிடமிருந்து பெயரவில்லை. விசாரித்தபோது எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது. இருபது வருடம் லீவு கேட்டு நடந்தவளுக்கு ‘ஆள் இல்லை’ என்று கைவிரித்த மேட்ரன், ஆய்வுக்கடிதத்தைப் பார்த்ததும் ‘மருத்துவக் காரணம்’ என்று மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். வீட்டுப் பெண்கள் திருச்செந்தூருக்குத் தனியாகப் போவதற்கே மூன்று கேள்வி கேட்கிற செல்லப்பா மாமாகூட, “மருந்துன்னா என்ன செய்ய” என்று சொல்லிவிட்டாராம்.

அன்றுதான் குத்தாலிங்கத்துக்கு முதல்முறையாக நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் நியாயமானது: அம்மா போனால் திரும்பி வருவாளா? குருவி ஐப்பசியில் திரும்பும், மனுஷி? வழியில் மருந்தின் வேகம் கூடினால்? ஜம்முவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டால்? நாள் முழுக்க ‘க்ரீச்ச்... டக்’, ‘க்ரீச்ச்... டக்’ என்று திரும்பிக்கொண்டே இருந்தான். ஏழாம் கூண்டும் கூடவே பாடியது.

“மேடம், மாத்து மருந்து இருக்கா?”

“இருக்கு. ஒரு ஊசி, அடங்கிடும். ஆனா கவரைப் பிரிச்சு, யாருக்குப் போச்சுன்னு பாத்துத்தான் போடணும். கம்பெனி பிரிக்க மாட்டேங்குது. சோதனை கெட்டுப்போகுமாம்.”

பங்குனி பதினெட்டாம் தேதி கம்பெனியின் மனம் மாறியது. அன்று ஆறுமுகநயினாரின் கல்யாணம்.

டாக்டரும் குத்தாலிங்கமும் போயிருந்தார்கள். மணவறை கிழக்கு பார்த்து இருந்தது. மாப்பிள்ளைக்கு வலது பக்கம் மணப்பெண் உலகம்மை. மாப்பிள்ளை இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார். ஐயர் இரண்டு முறை தாடையைப் பிடித்து நேராக்கினார். “பையனுக்குக் கூச்சம்” என்று பெண்கள் சிரித்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. நயினார் எழுந்தார். தாலியை ஐயர் கையிலேயே திரும்ப வைத்தார், மிகப் பணிவாக. பிறகு வடக்கு வாசல் வழியே, சமையற்கட்டைத் தாண்டி, சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மேளக்காரர் யாரும் நிறுத்தச் சொல்லாததால் இன்னும் கொஞ்ச நேரம் கொட்டினார்.

கங்கைகொண்டானுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் பிடித்தார்கள். கழுத்தில் மாலை. காலில் செருப்பில்லை, தார் ரோட்டில் பாதம் கொப்பளித்திருந்தது. “வாரேன், வாரேன், அங்க மட்டும் போய்ட்டு வந்துடுதேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்க என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குச் சென்னையில் கவர் பிரிக்கப்பட்டு, பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. நான்கு மணிக்கு ஊசி. நயினார் ஆய்வுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார், எழவில்லை. பட்டுச்சேலை மாற்றாமல் உலகம்மை வந்து எதிரே நின்றாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“இழுக்கல டாக்டர்.” நயினார் கொப்பளித்த பாதத்தைத் தடவினார். “வீட்டுக்குப் போற வழிய மறந்துபோன மாதிரி இருக்கு. வீடு எதுன்னுதான் தெரியல.”

உலகம்மை டாக்டரிடம் திரும்பினாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவிய இப்ப உக்காந்திருக்காகள்ல, இது எனக்காவயா, ஊசிக்காவயா?”

டாக்டர் எஸ்தர் பன்னிரண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். காலி ஊசியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

“சரி. ஆவணி வரைக்கும் பாப்போம்” என்று சொல்லிவிட்டு உலகம்மை அவர் கழுத்தில் வாடிக் கிடந்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். போய்விட்டாள். குத்தாலிங்கத்துக்கு அந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது. சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் அவன் கையை நீட்டினான். “எங்கம்மாவுக்கு ஒரு ஊசி குடுங்க மேடம். இருவதாந் தேதி ரயிலு.”

டாக்டர் பட்டியலைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“அவங்களுக்கு ஊசி வேண்டாம்.”

“ஏன்?”

“பதினேழாம் நம்பர்ல மருந்தே இல்ல தம்பி. கார்த்திகையிலேருந்து உங்கம்மா மூக்குல நீ விட்டது உப்புத் தண்ணி.”

ஏழாம் கூண்டு ‘க்ரீச்ச்... டக்’ என்றது. அவன் திரும்பியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். விஷயம் ரொம்ப எளிது. அம்மா ஏமாந்திருக்கிறாள். மருந்து இழுக்கிறது என்று அவளாக நம்பிக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் போதும். சிரித்துக்கொண்டு ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மேட்ரன் லீவை ரத்து செய்வாள். நடுங்குகிற குளிரில் தனியாக ஒரு மனுஷி அலைய வேண்டியதில்லை. அவனும் நிம்மதியாக உட்காரலாம். இவ்வளவு எளிதான விஷயத்தை யோசிக்க ஏன் இரண்டு தெரு சுற்றி நடந்தோம் என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

வீட்டில் செல்லப்பா மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால். கல்யாண மண்டபத்துச் சேதி அவருக்கு எட்டியிருந்தது.

“வா மாப்ள. அதான் ஊசி வந்துட்டாமே! கையோட கொண்டாந்தியா? இவளுக்குப் போட்டு விடு, டிக்கெட்ட நான் போய்க் கேன்சல் பண்ணிட்டு வாரேன். பொம்பள, இந்த வயசுல, தனியா, லடாக்காம்ல லடாக்!”

அம்மா அறைக்குள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவனைப் பார்க்கவில்லை, அரக்கு ஸ்வெட்டரின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்குவதா, எடுப்பதா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

இருபத்துநான்கு வருடத்தில் அவள் நிற்பதைக் குத்தாலிங்கம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். காத்திருப்பதைப் பார்த்ததில்லை.

“ஊசி இல்ல மாமா” என்றான். “தீந்துட்டு.”

“தீந்துட்டா?”

“நயினாருக்கே ரெண்டு போட வேண்டியதாப் போச்சு. புதுசு வர ஆடி ஆவும். அதுவரைக்கும் தடுத்து வச்சா நெஞ்சுல அடைக்குமாம். இழுக்கிற பக்கம் போயிட்டு வந்தாத்தான் அடங்கும்னு டாக்டர் எழுதியே தந்துட்டாங்க.”

“எழுதியா?”

“இங்கிலீசுல.”

மாமா கால்மேலிருந்து காலை இறக்கினார். தலையைச் சொறிந்தார். “மருந்துன்னா... என்ன செய்ய” என்றார் கடைசியில்.

ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது.

இருபதாம் தேதி சந்திப்பு ரயில் நிலையத்தில் கீழ்ப்படுக்கை தேடி, பெட்டியைச் சங்கிலியால் கட்டி, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, குத்தாலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டிய புத்திமதி எல்லாவற்றையும் சொன்னான். ரயிலில் யார் கொடுத்தாலும் சாப்பிடாதே என்றான். ஜம்முவிலிருந்து மேலே போகும் ரோட்டில் மூச்சு வாங்கினால் திரும்பிவிடு என்றான். நர்ஸிடம் மூச்சைப் பற்றிச் சொல்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

“எய்யா” என்றாள் காந்திமதி. “ஒண்ணு கேக்கேன். நயினாருக்கு மருந்து கசந்துச்சுல்லா?”

“ஆமா. வேப்பங்கொழுந்து மாதிரின்னாரு.”

“எனக்கு உப்புக் கரிச்சுது.”

அவன் கம்பியோடு ஒட்டிக் குனிந்தான்.

“இருவத்திரண்டு வருசமா சலைன் பாட்டில் மாத்துதேன். மேல தெறிக்கும், வாயில படும். அந்த ருசி எனக்குத் தெரியாதா? அதான் மொத நாளு கூட்டத்துலயே கேட்டு வச்சுக்கிட்டேன்.” அவள் ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “உப்புத் தண்ணியில இவ்ளோ சத்து இருக்கும்னு நானே நினைக்கல. மேட்ரன் கையெழுத்துப் போடுதா. ஒங்க மாமா வாய மூடுதான்.”

“அப்ப... வடக்க தல வச்சது?”

“நீ பாக்கணும்னுதான் வச்சேன். நீ பாத்தாத்தானல ஊருக்குப் பரவும்.”

ரயில் நகர்ந்தது. அவனும் கூடவே நடந்தான். கேட்க நிறைய இருந்தது. ஒன்றுதான் வாயில் வந்தது. “எம்மா, அப்ப எதுக்குத்தான் போற?”

“இன்னும் இதயே கேக்க பாத்தியா” என்று சிரித்தாள் அவள். “தோணுது, போறேன். ஊசி தீந்துட்டுன்னு நீ சொன்னியே, அது நல்லா இருந்துச்சு. இங்கிலீசுல எழுதித் தந்தாங்கன்னது கொஞ்சம் ஓவர்.”

நடைமேடை முடியும் இடத்தில்தான் அவன் நின்றான்.

அந்த வாரமே ஆய்வு மூடப்பட்டது. பதினோரு குருவிகளையும் குளத்தங்கரையில் அந்திசாயும் நேரத்தில் திறந்துவிட்டார்கள். பத்து, கதவு திறந்ததும் சம்புக்குள் பாய்ந்து மறைந்தன. ஏழாவது மட்டும் கூண்டின் மேலேறி, நீலத் தொண்டை புடைக்க, மூன்று சீழ்க்கை அடித்து, ‘க்ரீச்ச்... டக்’ என்று முடித்துவிட்டுப் போனது. நயினார் வேலைக்குத் திரும்பிவிட்டார். இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார் என்று கேள்வி.

வைகாசியில் ஒரு நாள் மாலை அம்மா கூப்பிட்டாள். காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

“ஏல, இங்க ஆத்தோரம் ஒரு முள்ளுச் செடியில உக்காந்து ஒரு குருவி கத்துது. தொண்ட நீலமா இருக்கு. கடைசியில ஒன் நாற்காலி மாதிரியே கத்துதுல.”

“சும்மா சொல்லாத. லட்சக்கணக்கான குருவி இருக்கும் அங்க.”

“நம்பாட்டி போ.”

“போன அது பக்கத்துல வையி.”

“வச்சா பறந்துருமே. கேக்கணும்னா வந்து கேளு” என்று வைத்துவிட்டாள்.

பொய். இங்கிலீஷில் எழுதித் தந்ததைப் போல ஒரு பொய். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பொய் என்று தெரிந்தபிறகும், பதினேழு கிராம் எடையுள்ள ஒன்று தன் நாற்காலியின் முனகலைச் சுமந்துகொண்டு மலைகளைத் தாண்டுவதை அவனால் மனதிலிருந்து இறக்க முடியவில்லை. தான் போகாத தூரமெல்லாம் தன் நாற்காலி போயிருக்கலாம். அவன் திரும்பினான். க்ரீச்ச். மறுபக்கம் திரும்பினான். டக். கூண்டுகள் காலி. பதில் சொல்ல ஆளில்லை.

வட்ட அறையின் சாவி இன்னும் அவன் மேசையில்தான் கிடந்தது. தாள்களைச் சுருட்டி ஒப்படைக்க வேண்டிய வேலை பாக்கி. ஒரு தாள் மட்டும் புதிதாக மிச்சமிருந்தது. கரும்பலகையில் அவன் எழுதிய பொன்மொழி பாதி அழிந்திருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். காய்ந்த சாக்கில் மிச்ச மையை ஊற்றி, மிதித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் தாளைச் சுருட்டி, விரிக்காமலே, மேலே ‘எண் 25’ என்று எழுதி மற்ற தாள்களோடு வைத்தான்.

ரயில் நிலைய முன்பதிவுக் கூடத்தில் அன்று கூட்டம். வரிசை வாசலைத் தாண்டி வளைந்திருந்தது. செருப்புக்கு வெளியே தெரிந்த அவன் கால் நகக்கண்களில் நீலம் போகவில்லை. முன்னால் நின்ற பெரியவர் சுவரோரம் காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றைக் காட்டினார்.

“உக்காருங்க தம்பி. ஒங்க எடத்த நான் பாத்துக்கிடுதேன். எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி” என்றான் குத்தாலிங்கம். “நிக்கேன்.”